நாலாம் தொட்டி

சிகோம்பேயில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஏரியைப் பார்த்து நிற்கிற பெருக்க மரத்தடி. சந்தைக்குப் போகிறவர்களும் மீன் காயப்போட்டுவிட்டு வருகிறவர்களும் அங்கே கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எஸ்னாத் அன்று மரத்தின் மறுபக்கம் போய், யார் கண்ணிலும் படாமல் நின்று படத்தைத் திறந்தாள்.

ஜெர்மனியில் எங்கோ ஒரு மேஜை. அதன்மேல் திறந்த தெர்மாகோல் பெட்டி. உள்ளே அவள் கையால் ரப்பர் சுற்றிய பை. தண்ணீர் நீர்த்த தேநீர் போல மஞ்சளாக நுரைத்திருந்தது. நீலத்தில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. படத்துக்குக் கீழே தலைநகர் லிலாங்வேயில் இருக்கிற ஏஜென்ட் சிசாலே எழுதியிருந்தார்: இருநூறில் நூற்றுப் பதினேழு செத்துவிட்டன. போன தடவை தொண்ணூற்று நான்கு. இன்னொரு சரக்கு இப்படிப் போய்ச் சேர்ந்தால் இனிமேல் உங்களிடம் எடுக்க மாட்டார்களாம். அடுத்த சரக்கு பதினொரு நாளில்.

அவள் வீட்டுக்குப் பின்னால் புல்கூரை போட்ட கொட்டகையில் ஆறு சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன. கணவன் லாஸ்டனும் இன்னும் இரண்டு பேரும் தீவுப் பாறைகளுக்கு அடியில் முங்கி ம்புனா பிடிப்பார்கள். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்கிற, விரல் நீள வண்ண மீன். அதை ஒரே மூச்சில் மேலே கொண்டுவந்தால் வயிறு ஊதிக் கவிழ்ந்துவிடும். அதனால் துளையிட்ட பீப்பாயில் அடைத்து, கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள்ளேயே தொங்கவிட்டு, நாளுக்குக் கொஞ்சமாக மூன்று நாள் உயர்த்துவார்கள். அப்புறம் தொட்டி. அப்புறம் பை, பெட்டி, லாரி, விமானம்.

வீட்டுக்குள் கதவோரம் ஆணியில் ஒரு பயணப்பை தொங்கியது. லாஸ்டனின் பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது. எல்லை தாண்டி ஜோனி நகரத்தில் சுவர் பூசுகிற வேலை இருக்கிறது என்று அவன் அண்ணன் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தான். ஜோனிக்குப் போன ஆண்கள் எப்படித் திரும்பினார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பது இந்தக் கரையில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

படத்தை அவனிடம் காட்டினாள். அவன் படகின் விரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். கையைத் துடைக்காமலே எட்டிப் பார்த்தான்.

"பிஸ்விக் இருந்தப்ப இப்படி ஆனதில்ல," என்றான்.

"பிஸ்விக் பேரை இப்ப எதுக்கு இழுக்கறீங்க, வனாங்வா அப்பா?"

"இழுக்கல. கணக்கு சரியா வருதுன்னு சொன்னேன். அவன் போய் நாலு மாசம். மீன் சாக ஆரம்பிச்சும் அவ்வளவுதான்."

"அவர்கிட்டப் போய்க் கேட்டா சிரிப்பாரு."

"சிரிச்சா சிரிக்கட்டும். நாம அழறதுக்கு அது தேவலாம்."

நான்கு மாதம் முன்பு வரை தொட்டி வேலை பிஸ்விக்குடையது. தீனி விஷயத்தில் பேச்சு முற்றி, அவளுடைய தாய்மாமன் யோசியா ஊர் முன்னால் நாலு வார்த்தை கேட்டார். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து தொட்டி அவள் பொறுப்பு.

மறுநாள் காலை மீன்வளத் துறைக்காரர் கம்வெண்டோ மோட்டார் சைக்கிளில் வந்தார். உள்ளூர்க் குளங்களில் சம்போ மீன் வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"மீன் நல்லாத்தானே இருக்கு. தவிடு போடும்மா. காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. நல்லா தின்ன மீன் சாகாது."

"இது சம்போ இல்லீங்களே ஐயா. பாசி தின்கிற மீனு."

"மீன் மீன்தானம்மா."

"குளத்து மீனு பிளேன்ல ஏறாதே."

அவர் சிரித்துவிட்டார். "அது நான் படிச்ச புஸ்தகத்துல இல்ல. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உன் மீனை நான் ஏன் கொல்லணும்?"

ஒரு தட்டுக் களியும் உசிப்பாச் சிறுமீன் வறுவலும் சாப்பிட்டுவிட்டுத்தான் அவரை வண்டியை எடுக்க விட்டாள். அவள் வீட்டிலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு வழிக்குப் போனதில்லை. லாரி டிரைவர் அவசரம் என்று கத்தினாலும் உட்கார வைத்து இரண்டு உருண்டையாவது போடுவாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள்.

சந்தையில் கோழி மருந்து விற்கிற ஹாரிசனுக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. மஞ்சள் மாத்திரைப் பட்டை ஒன்றை எடுத்து அவள் முன்னால் போட்டான்.

"கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தா இதுதான். மீனுக்கும் இதேதான். உடைச்சு தண்ணில தூவிடுங்க அக்கா."

"நீ செஞ்சு பாத்திருக்கியா?"

"வாங்கிட்டுப் போன மீன்காரங்க யாருமே திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"திரும்பியே வந்திருக்க மாட்டாங்க."

"உங்களுக்கு இந்த நாக்கு எங்க இருந்து வந்துச்சு? மாமாகிட்ட இருந்தா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

சாயங்காலம் மீண்டும் மரத்தடி. மீன் வளர்க்கிறவர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்று கைப்பேசியில் இருந்தது. உலகம் முழுக்க நாற்பதாயிரம் பேர், இந்த ஏரியின் மீனைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுத் தங்கள் கூடத்தில் வைத்திருப்பவர்கள். எஸ்னாத் எட்டாவதுக்கு மேல் இரண்டு வருஷம் படித்தவள். தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள். எங்கிருந்து எழுதுகிறாள் என்று சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் முப்பது பதில்கள் வந்தன. உப்புப் போடு என்றார் ஒருவர். உப்புப் போட்டால் செத்துவிடும் என்றார் அடுத்தவர். புதுத் தண்ணீர்தான் கொல்கிறது, பழைய தண்ணீர்தான் கொல்கிறது, நெருக்கியடித்துப் போட்டிருப்பீர்கள், சூடு போதாது. இரண்டு பேர் அவளை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் அக்கறையாகக் கேட்டிருந்தார்: இந்த மீன்கள் பிறந்து வளர்கிற ஏரியைப் பற்றி நீங்கள் எப்போதாவது படித்ததுண்டா?

அவள் தலையை நிமிர்த்தி ஏரியைப் பார்த்தாள். ம்வேரா காற்று எழும்பி அலைகள் வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டிருந்தன. தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண் "புருஷனா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு கரித்துண்டை எடுத்து, கொட்டகைச் சுவரில் கேள்விப்பட்டதையெல்லாம் எழுதினாள். உப்பு. மாத்திரை. புதுத் தண்ணீர். பழைய தண்ணீர். பைக்கு மீன் குறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, சொன்னவர் செய்து பார்த்தாரா என்று எழுத இடம் விட்டாள். எழுத ஒன்றும் இல்லை.

யோசியா மாமா வந்து கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுவரைப் படித்தார்.

"நான் சொன்னதை எழுதலையே?"

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"ஊரை விட்டுப் போற ஏக்கம். உன் பெரியம்மா மகன் பிளாண்டயர் போய் மூணு மாசம் சோறு தண்ணி இறங்காம கெடந்தானே."

"ஏக்கத்துல தண்ணி மஞ்சளா ஆகுமா?"

"அவன் கெடந்த அறையை நீ பாக்கல," என்றார் மாமா.

சுவரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று தோன்றியது. இங்கே மீன் சாகவில்லை. போகிற வழியில்தான் சாகிறது. வழியில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் வழியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். சரக்கு போலவே பை கட்டி, பெட்டியில் மூடி, இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும்.

"சிலிண்டர்ல இருக்கற ஆக்சிஜன் அடுத்த சரக்குக்கே இழுபறி," என்றான் லாஸ்டன்.

"அந்தச் சரக்கும் செத்தா சிலிண்டரை வெச்சு என்ன பண்ணுவீங்க? ஜோனிக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

அவன் ஆணியில் தொங்கிய பையைப் பார்க்காமல் இருக்க முயன்றது அவளுக்குத் தெரிந்தது. போய்ச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான்.

சரக்கு கட்டுகிற நாளில் எப்படியோ அப்படியே எல்லாம் செய்தாள். விடிந்ததும் குளித்து, இடுப்புத் துணியை மாற்றிக்கொண்டு, காயவைத்து இடித்த உசிப்பாப் பொடியைத் தொட்டிக்கு இரண்டு கை அள்ளிப் போட்டாள். மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தன. பிறகு கட்ட ஆரம்பித்தாள். பைக்கு எட்டு மீன், ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். ஒன்றில் உப்பு. ஒன்றில் மாத்திரை. ஒன்றில் அப்போது இறைத்த ஏரித் தண்ணீர். ஒன்றில் தொட்டித் தண்ணீர். ஐந்தாவதில் நான்கே மீன். ஆறாவதில் எப்போதும் போலப் பாதிக்குப் பாதி தண்ணீர், வேறொன்றுமே செய்யாமல், மற்றதோடு ஒத்துப் பார்க்க மட்டும். அதற்கு மஞ்சள் மீனை அள்ளப் போனபோது லாஸ்டன் கையைப் பிடித்தான்.

"அது ஆர்டர்ல இருக்கு. நாலாம் தொட்டில எடு. நேத்து ராத்திரி பீப்பாயில இருந்து விட்டது இருக்குல்ல."

ஆறு பையையும் பெட்டியில் வைத்து மூடினார்கள். லாஸ்டன் அதைச் சைக்கிளில் கட்டி, சலிமா சாலையின் குண்டு குழியில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தான்.

"பிளேன் இப்படித்தான் குலுங்குமா?" என்று கேட்டாள்.

"நானென்ன ஏறியா பாத்தேன்?"

இரண்டு நாள் பெட்டி தானியக் குதிருக்குப் பக்கத்தில் இருட்டில் கிடந்தது. மூன்று வயது வனாங்வா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தானும் பிளேனில் போவதாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை திறந்தார்கள். உப்புப் பையில் இரண்டு மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன, மற்றவை இல்லை. மாத்திரைப் பையில் எல்லாம் போய்விட்டன. புதுத் தண்ணீர், பழைய தண்ணீர் இரண்டும் ஒரே மஞ்சளாக இருந்தன. நான்கு மீன் பையில் ஒன்று பிழைத்திருந்தது. ஜெர்மனி மேஜையில் பார்த்த அதே நிறம், அதே நுரை. வாடை மூக்கில் ஏறியது.

ஆறாவது பையை வெளியே எடுத்தபோது அதற்குப் பின்னால் இருந்த லாஸ்டனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது. எட்டு மீனும் வெளிச்சம் பட்டதும் மூலைக்கு ஓடின.

"இதுல என்ன போட்டே?" என்றான்.

"ஒன்னும் போடல."

"ஏதாவது போட்டிருப்பே."

"இல்லங்கறேன்."

அவள் செத்த பையொன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அடியில் பழுப்பாக இழை இழையாகக் கிடந்தது. முதலில் பாசி என்று நினைத்தாள். விரலால் பையை நசுக்கிப் பார்த்தாள். பிறகுதான் அது மீனின் வயிற்றிலிருந்து வந்தது என்று புரிந்தது. ஆறாவது பையின் அடியில் அப்படி எதுவும் இல்லை. நாலாம் தொட்டி மீன் மூன்று நாள் பீப்பாயில் பட்டினி கிடந்தது. புதிதாக வந்த மீன் தின்னாது என்று காலையில் அந்தத் தொட்டிக்கு மட்டும் அவள் தீனி போடவில்லை.

பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் இன்னும் உசிப்பாப் பொடியின் வாடை இருந்தது.

"வனாங்வா அப்பா," என்றாள். "போற நாள்ல நான் அதுங்களுக்குச் சாப்பாடு போட்டுத்தானே அனுப்பறேன்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுதான்."

அவன் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுக்கு அதற்குள் வேறொன்று நினைவில் வந்துவிட்டது. சரக்கு கட்டுவதற்கு முன் பிஸ்விக் நாள் கணக்கில் தீனிச் சட்டியைத் தொடமாட்டான். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவள்தான் மாமாவிடம் போய்ச் சொன்னாள், மீனைப் பட்டினி போடுகிறான், பொடி அவன் வீட்டுக் குழம்புக்குப் போகிறது என்று.

பிஸ்விக் இப்போது அடுத்த கரையில் உசிப்பா காயப்போடுகிற வேலையில் இருந்தான். மணலில் இரண்டு மணி நேர நடை. நாணல் பரண்கள் வரிசையாக நின்றன, அவற்றின்மேல் மீன் வெள்ளித் தகடாகக் கிடந்தது. ஈயை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் தழையைக் கீழே போட்டான். அவன் மனைவி பாய் விரித்தாள். ஊர் நலம், குழந்தை நலம் எல்லாம் கேட்டு முடிக்கும்வரை அவன் வேறெதுவும் பேசவில்லை.

"மீனு சாகுது அண்ணே," என்றாள் எஸ்னாத்.

"கேள்விப்பட்டேன். எத்தனை?"

"ரெண்டு சரக்குலயும் சேர்த்து இருநூத்திப் பதினொன்னு."

"நான் முதல் வருஷம் தொண்ணூறுதான் கொன்னேன். அப்படிப் பாத்தா என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிஞ்சிருக்கணும்."

அவள் எதிர்பார்த்து வந்த சிரிப்பு இது அல்ல. பையைப் பற்றிச் சொன்னாள். உப்பு, மாத்திரை, சைக்கிள், ஆறாவது பை. அவன் முன்னால் குனிந்து கேட்டான். சைக்கிள் வந்த இடத்தில் திரும்பவும் சொல்லச் சொன்னான்.

"அதை நான் யோசிக்கல," என்றான். "நான் லிலாங்வே வரைக்கும் லாரில போய் பையைத் திறந்து பாத்தேன்."

"எத்தனை நாள் பட்டினி போடணும்?"

"இந்தக் குளிர்ல மூணு. வெயில் காலத்துல ரெண்டு போதும். தண்ணிய மட்டும் தினம் பாதி மாத்துங்க, வயித்துல இருக்கறது வெளிய வந்துடும். அப்புறம், சாதாரண நாள்லயே அந்தப் பொடிய அள்ளிப் போடாதீங்க. அது பாறையில பசேல்னு இருக்கறதைச் சுரண்டற மீனு. அதுக்கு உசிப்பா கல்யாணச் சாப்பாடு மாதிரி. தினம் கல்யாணம் நடந்தா குடல் தாங்காது."

"இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னேனே. இன்னிக்கு வேணாம், வழிக்குப் போற மீனுன்னு சொன்னேன். வழிக்குப் போறதுக்கு முன்னாடி பட்டினி போடறவன் என்ன மனுஷன்னு கேட்டீங்க." அவன் ஈயை விரட்டினான். "அப்புறம் மாமா கேட்டாரு. திருடன்னு கேட்டப்புறம் மீன் வயித்தைப் பத்தி எங்க பேசறது?"

அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "தப்பு என்னோடது," என்றாள். அவன் மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்தான். களியும் கீரையும் வந்தன.

"சாப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் நடக்கணும். நீங்க மீனு இல்ல."

அவள் தட்டில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

சரக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது தீனிச் சட்டியை எடுத்துக் கூரை இடுக்கில் கவிழ்த்து வைத்தாள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் அவள் நிழல் விழுந்த தொட்டியிலெல்லாம் மீன்கள் திரண்டு மேலே வந்தன. கையை நீட்டினால் விரல் நுனியைக் கொத்தின. வெறும் கையை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போவது அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.

அந்த நேரத்தில் யோசியா மாமா வந்தார்.

"ஏண்டி, பட்டினி போட்டிருக்கியா இதுங்கள?"

"ஆமா மாமா."

"வாயப் பாரு எப்படித் திறக்குதுன்னு."

"பிஸ்விக் காலத்துலயும் இப்படித்தான் திறந்துச்சு." தண்ணீர் மாற்றுகிற பம்பை நிறுத்திவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள். "அவர் பொடியைத் திருடல மாமா. நான் தெரியாம சொன்னேன். நீங்க என் பேச்சை நம்பிக் கேட்டீங்க."

மாமா தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். கைத்தடியால் ஈர மண்ணில் ஏதோ கீறினார்.

"ஊர் முன்னாடி கேட்டேனே," என்றார்.

"ஆமா."

"சரி, முதல்ல மீனு உசுரோட போய்ச் சேரட்டும். அப்புறம் பாக்கலாம்."

"சேர்ந்தப்புறம் போனா கூலி குடுக்கப் போற மாதிரி இருக்கும் மாமா. செத்தாலும் அவர் திருடல."

"உன்னைப் பெத்தவளும் இப்படித்தான், நான் உக்காந்தப்புறம்தான் பேச ஆரம்பிப்பா." அவர் எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் பைகளைக் கட்டினார்கள். லாரி டிரைவர் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார். இருநூற்று நாற்பது மீன் வெறும் வயிற்றோடு ஏறின. பெட்டி நகர்ந்தபோது எஸ்னாத் வாய்விட்டு ஏதோ சொன்னாள். என்ன என்று லாஸ்டன் கேட்டான்.

"மன்னிச்சுக்கோங்கன்னேன்."

மீன் போய்ச் சேர வேண்டிய நாள் காலையில், சாவு வீட்டுக்கு மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு யோசியா மாமா வாசலில் நின்றார். கூட ஊர்க்காரர்கள் மூன்று பேர், அன்று பிஸ்விக்கைக் கேட்டபோது சுற்றி நின்றவர்கள்.

"மணல் வழி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பாறை தாண்டற வரைக்கும் ஈரம் மாமா. உக்காருங்க, கஞ்சி ஊத்தறேன்."

"வேணாம்."

"வெறும் வயித்தோட எப்படி..."

"அவன் வீட்ல தட்டு வைப்பான். வயிறு நிறைய இருந்தா அங்க என்னத்த திங்கறது?" கைத்தடியை எடுத்துக்கொண்டார். "நானும் இன்னிக்கு வழிக்குப் போற மீனுதான்."

ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. நான்கு பேரும் கரையோரம் ஒற்றை வரிசையில் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உச்சி வெயிலில் மரத்தடிக்குப் போனாள். லாஸ்டனும் கூட வந்தான். படம் வரவில்லை, எழுத்துதான் வந்திருந்தது. இருநூற்று நாற்பதில் நான்கு. தண்ணீர் சுத்தம். அடுத்த சரக்கு முந்நூறு அனுப்ப முடியுமா? என்ன மருந்து போட்டீர்கள் என்று ஜெர்மனிக்காரர் கேட்கிறார்.

லாஸ்டன் இரண்டு தடவை படித்தான். மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான்.

"அந்தப் பையை ஆணியில இருந்து எடுத்துடறேன்," என்றான். பிறகு, "உப்புன்னு எழுதிடு. அவங்களுக்கு அதுதான் புரியும்."

அவள் ஒன்றும் போடவில்லை என்று எழுதினாள். திரும்பப் படித்துப் பார்த்தாள். யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது, அழித்தாள். கரையில் மாமாவும் கூட்டமும் பாறையைத் தாண்டி மறைந்து வெகு நேரமாகியிருந்தது. இந்நேரம் பாய் விரித்திருப்பார்கள்.

பிஸ்விக் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டோம் என்று எழுதி அனுப்பினாள்.